கணிப்பொறியும் கலைந்து போகும் எழுத்துகளும்

லகர ளகர வேறுபாடு தெரிந்து, ஒற்று மிகும் இடம் அறிந்து, பிழையின்றி எழுத வேண்டும் என்பது நம் தமிழாசிரியைகள் நமக்குத் தரும் முதற்பாடம். அவ்வளவு கவனமாக எழுதிய ஒரு பெயர், ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொரு கணிப்பொறிக்குச் சென்று சேரும்போது வெறும் கேள்விக்குறிகளாக நிற்பதுண்டு. சில வேளைகளில் யாருக்கும் புரியாத அயல்மொழிக் குறிகளின் வரிசையாக மாறிவிடுவதும் உண்டு. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் மதிப்பெண் பட்டியலிலோ சான்றிதழிலோ அப்படி அச்சாகி வந்தால் அந்த மாணவியின் மனம் என்ன பாடுபடும்!

இதைக் கண்டவர்கள், “கணிப்பொறிக்குத் தமிழ் ஒத்துவராது” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையன்று. கணிப்பொறிக்குத் தமிழ் நன்றாகவே ஒத்துவரும். நிரல் எழுதுகிறவர்கள் செய்யும் ஒரு சிறு கவனக்குறைவே இதற்குக் காரணம். அது என்ன, அதை எப்படித் திருத்துவது என்பதை, இன்று எங்கும் பயன்படும் எக்ஸ்எம்எல் என்னும் ஆவண வடிவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

எழுத்தும் எண்ணும்

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு வரை தந்தி என்றொரு சேவை இருந்ததைப் பெற்றோர் அறிவர். தந்திக் கம்பி வழியே எழுத்து எதுவும் போகவில்லை. புள்ளியும் கோடும்தான் போயின. மூன்று புள்ளி வந்தால் அது ‘எஸ்’ என்று இரு முனையில் இருந்தவர்களும் ஒரே அட்டவணையை மனத்தில் வைத்திருந்தார்கள். அட்டவணை மாறினால் செய்தியும் மாறிவிடும்.

கணிப்பொறியின் கதையும் இதுவே. அதற்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ‘பைட்’ என்னும் சிறு அறை ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை வைக்கலாம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று சொல்லும் அட்டவணைக்கே ‘எழுத்துக் குறியீடு’ என்று பெயர். 1963-இல் அமெரிக்காவில் வெளியான ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி ஆகியவற்றுக்கு அவை போதும். மீதமிருந்த 128 எண்களை ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டனர். மேற்கு ஐரோப்பியர் ஒருவகையாகவும், கிரேக்கர் ஒருவகையாகவும், ரஷ்யர் வேறொரு வகையாகவும் நிரப்பினர். தமிழிலோ எழுத்துரு தயாரித்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகை செய்தனர். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீடுகள் வகுக்கப்பட்டன.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்னும் நோக்குடன் பிறந்தது யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரக் குறியீடாக ஏற்றது. யூனிகோடில் ‘அ’ என்பதன் எண் 2949. ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காதே, 2949 எப்படி அடங்கும்? இதற்கு 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் கண்ட வழியே ‘யுடிஎஃப்-8’. அதன்படி ஆங்கில எழுத்து ஒரே பைட்டில் அடங்கும். நம் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ‘அ’ என்பது 224, 174, 133 என்று மூன்று எண்களாகும். ‘அமலா’ என்னும் பெயரில் அ, ம, ல, துணைக்கால் என நான்கு குறிகள் உள்ளன. ஆகவே 12 பைட்டுகள்.

எக்ஸ்எம்எல் என்பது யாது?

செய்திகளைப் பெயரிட்டு அடுக்கி வைக்கும் எளிய முறையே எக்ஸ்எம்எல். 1998-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகளாவிய வலைச் சங்கம் இதைப் பரிந்துரையாக வெளியிட்டது. <பெயர்>அமலா</பெயர்> என்று எழுதினால், இடையில் இருப்பது ஒரு பெயர் என்று படிக்கும் நிரலுக்கு விளங்கும். பெயர்ச்சீட்டுகளைத் தமிழிலேயே எழுதவும் இம்முறை இடம் தருகிறது.

இந்த ஆவணத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வரி உண்டு. “இது எக்ஸ்எம்எல், பதிப்பு 1.0, எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8” என்று அது சொல்லும். கடித உறையின் மேல் எழுதும் முகவரி போன்றது இவ்வரி. உறையில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்றை வைத்தால் என்ன ஆகும்? நம் எழுத்துச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன. அறிவிப்பு வரி எதுவும் இல்லையென்றால், எக்ஸ்எம்எல் விதிப்படி அந்த ஆவணம் யுடிஎஃப்-8 என்றே கொள்ளப்படும்.

இங்கே கூர்மையான மாணவி ஒரு கேள்வி கேட்பாள்: “குறியீடு தெரிந்தால்தானே அறிவிப்பு வரியைப் படிக்க முடியும்? அதைப் படித்தால்தானே குறியீடு தெரியும்?” நல்ல கேள்வி. படிக்கும் நிரல் முதலில் சில பைட்டுகளை மட்டும் எட்டிப் பார்க்கிறது. அவை 60, 63 என்று தொடங்கினால், ஆஸ்கியை ஒத்த ஏதோ ஒரு குறியீடு என்று அறிந்து முதல் வரியை வாசித்துக்கொள்கிறது. 254, 255 என்றோ 255, 254 என்றோ தொடங்கினால், அது எழுத்துக்கு இரண்டு பைட்டாக எழுதும் யுடிஎஃப்-16. 239, 187, 191 என்று தொடங்கினால், அது யுடிஎஃப்-8 என்பதற்கான முன்னடையாளம். இவ்வளவு நுட்பமாகக் கண்டறியும் திறமை படிக்கும் நிரலுக்கு உண்டு என்பதை நினைவில் கொள்க. பின்னர் இது நமக்கு உதவும்.

நோயும் அதன் குறிகளும்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, சிதைந்த எழுத்தைப் பார்த்தே காரணத்தைக் கூறிவிடலாம்.

முதலாவது, அயல்மொழிக் குறிகள். யுடிஎஃப்-8-இல் எழுதியதை மேற்கு ஐரோப்பியருக்குரிய ‘விண்டோஸ்-1252’ குறியீடு என்று எண்ணிப் படித்தால் இந்நிலை ஏற்படும். 224 என்பது தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில ‘ஏ’ ஆகவும், 174 என்பது வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ ஆகவும், 133 என்பது மூன்று புள்ளிகளாகவும் தெரியும். ‘அமலா’ என்னும் நான்கு குறிகள் 12 விந்தைக் குறிகளாக விரியும். இடையிடையே அந்த வட்ட ‘ஆர்’ திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால், அது தமிழ்தான் என்று அறியலாம். மனம் தளர வேண்டாம். இந்நிலையில் எழுத்து இன்னும் அழிந்துவிடவில்லை.

இரண்டாவது, கேள்விக்குறிகள். தமிழுக்கு இடமே இல்லாத ஒரு குறியீட்டில் தமிழை எழுதச் சொன்னால், சில நிரல்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். இதுவே எல்லாவற்றிலும் கொடியது. எல்லா எழுத்தும் ஒரே 63-ஆம் எண்ணாகிவிட்டபின் எது ‘அ’, எது ‘ம’ என்று எவராலும் மீட்க முடியாது. மூலப்படியைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. இது அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால், ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகள் இடையில் வெட்டுப்பட்டன என்று பொருள். பெரிய கோப்பை 4096 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றும் நிரல்களில் இது நேரும். 4096-ஐ மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று வருமல்லவா? அந்த ஒரு பைட் ஒரு துண்டிலும், அதன் உடன்பிறப்புகள் இரண்டும் அடுத்த துண்டிலும் போய்விடுகின்றன.

நான்காவது, படிக்கவே மறுத்தல். உறையில் யுடிஎஃப்-8 என்றிருக்க, உள்ளே அதற்கு ஒவ்வாத பைட் வந்தால் எக்ஸ்எம்எல் படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இதைக் கண்டு எரிச்சல் அடைவோர் பலர். ஆனால் தவறான பெயரை அமைதியாக ஏற்றுக்கொள்வதைவிட, “இது சரியில்லை” என்று நின்றுவிடுவது எவ்வளவோ மேல் அன்றோ!

மறைந்திருக்கும் காரணம்

இத்தகைய பிழைகள் சோதனையில் ஏன் அகப்படுவதில்லை? ஆஸ்கி, விண்டோஸ்-1252, யுடிஎஃப்-8 ஆகிய மூன்றிலும் முதல் 128 எண்கள் ஒன்றேயாகும். ஆகவே ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். தமிழ்ப் பெயர் முதன்முதலாக நுழையும் நாளில்தான் குட்டு வெளிப்படும். பிரெஞ்சு மொழிக்காரருக்காவது விண்டோஸின் பழைய ஒற்றை பைட் குறியீடு கைகொடுக்கும். தமிழுக்கு விண்டோஸில் இயந்திரத்தின் இயல்பாக அமையக்கூடிய அப்படி ஒரு பழைய குறியீடு இல்லை. யூனிகோடு ஒன்றே வழி. எனவே, “இயந்திரத்தின் இயல்பான குறியீட்டையே எடுத்துக்கொள்” என்று நிரல் விட்டுவிட்டால், அந்த இயல்பு பழைய குறியீடாக இருக்கும் இடமெல்லாம் தமிழ் தோற்றுப்போகும்.

மருந்து: எழுதும்போது

எக்ஸ்எம்எல்லை வெளியே எழுதும்போது கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே. உறையையும் கடிதத்தையும் ஒரே கை எழுதட்டும். அறிவிப்பு வரியை ஒரு நிரல் எழுத, பைட்டுகளை இன்னொரு நிரல் எழுதும் நிலை வரவே கூடாது.

டாட்நெட்டில் நிகழும் ஒரு பிழை இதற்கு நல்ல சான்று. அங்கே ‘ஸ்ட்ரிங்ரைட்டர்’ என்னும் கருவியில் எக்ஸ்எம்எல்லை எழுதினால், அறிவிப்பு வரியில் யுடிஎஃப்-16 என்று வந்துவிடும். டாட்நெட் தன் நினைவகத்தில் எழுத்துகளை அப்படித்தான் வைத்திருக்கிறது. அதனால் அது சொல்வது பொய்யன்று. ஆனால் நிரலாளர் அந்த வாசகத்தை எடுத்து யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமிக்கிறார். உறையில் 16, உள்ளே 8! படிக்கும் நிரல் மறுத்துவிடுகிறது. சிலர் அறிவிப்பு வரியில் உள்ள 16-ஐ மட்டும் 8 என்று மாற்றிச் சமாளிப்பர். அது அன்றைக்குத் தீர்வாகலாம். நாளை வேறொருவர் சேமிக்கும் முறையை மாற்றினால் மீண்டும் முரண்பாடு வரும். யுடிஎஃப்-8 என்று தெளிவாகக் கூறி, எக்ஸ்எம்எல் எழுதும் கருவியை நேரே கோப்பின் பைட்டுகளில் எழுதவிடுவதே நிலையான தீர்வு. அப்போது அறிவிப்பும் உள்ளடக்கமும் ஒரே இடத்தில் பிறக்கும்.

ஜாவாவில், எழுத்துகளைப் பைட்டாக்கும் இடங்களில் குறியீட்டைச் சொல்லாமல் விட்டால், முன்பெல்லாம் அந்த இயந்திரத்தின் இயல்பான குறியீடே பயன்பட்டது. ஒரே நிரல் ஓர் இயந்திரத்தில் தமிழையும் இன்னோர் இயந்திரத்தில் கேள்விக்குறிகளையும் தந்தது இதனால்தான். 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பு முதல் யுடிஎஃப்-8 இயல்பாக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய பதிப்புகள் பல இடங்களில் இன்றும் இயங்குகின்றன. ஆகவே குறியீட்டை வாய்விட்டுச் சொல்லிவிடுவதே அறிவுடைமை.

மேல்நிலை வகுப்பில் பைத்தான் கற்கும் மாணவியர் ஒன்றைக் கவனிக்கலாம். அதன் ‘எலிமென்ட்ட்ரீ’ தொகுதியில் குறியீடு எதுவும் சொல்லாமல் எக்ஸ்எம்எல் எழுதினால், ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் &#2949; என்று வரும். அஞ்ச வேண்டாம், இது சிதைவன்று. ஆஸ்கி மட்டுமே போகக்கூடிய பாதையில் யூனிகோடு எண்ணை வெளிப்படையாக எழுதி அனுப்பும் முறை இது. எந்த எக்ஸ்எம்எல் நிரலும் இதை மீண்டும் ‘அ’ என்றே படிக்கும். என்ன, 12 பைட்டில் அடங்கும் ‘அமலா’ 28 பைட்டாக நீளும். மனிதர் கண்ணால் படிக்கவும் இயலாது. கோப்பில் எழுதும்போது யுடிஎஃப்-8 என்றும், அறிவிப்பு வரி வேண்டும் என்றும் கூறிவிட்டால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

மருந்து: படிக்கும்போது

படிக்கும்போது கைக்கொள்ள வேண்டிய விதி, உறையைப் பிரிக்காமல் கொடுப்பதாகும். கோப்பை முதலில் நாமே எழுத்தாக மாற்றி, பிறகு எக்ஸ்எம்எல் நிரலிடம் தரும் பழக்கம் பலருக்கு உண்டு. இது உரியவருக்கு வந்த கடிதத்தை நாம் பிரித்துப் படித்து, நமக்கு விளங்கியபடி எழுதிக் கொடுப்பது போன்றது. முதல் பைட்டுகளைக் கொண்டே குறியீட்டைக் கண்டறியும் திறமை படிக்கும் நிரலுக்கு உண்டு என்று முன்பே கண்டோம். ஆகவே பைட்டுகளை அப்படியே அதனிடம் ஒப்படைக்க வேண்டும். ஜாவாவிலும் டாட்நெட்டிலும் பைட்டு ஓடையாகத் தர வேண்டும். பைத்தானில் கோப்பின் பெயரையோ, பைட்டு முறையில் திறந்த கோப்பையோ தர வேண்டும். துண்டு துண்டாக வெட்டும் தொல்லையும் இதனால் தானே நீங்கும்.

“ஆவணத்தின் முதல் எழுத்திலேயே பிழை” என்று செய்தி வந்து, கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாவிட்டால், 239, 187, 191 என்னும் முன்னடையாளமே பெரும்பாலும் காரணம். கோப்பை நாமே எழுத்தாக மாற்றும்போது அது கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறியாக முன்னே ஒட்டிக்கொள்கிறது. பைட்டாகத் தந்தால் படிக்கும் நிரல் அதைத் தானே அகற்றிக்கொள்ளும்.

இணையத்தின் வழியே வரும் ஆவணத்திற்கு இன்னொரு சீட்டும் உண்டு. அனுப்பும் இயந்திரம் தன் தலைப்பில் ஒரு குறியீட்டைச் சொல்லும். 2014-இல் வகுக்கப்பட்ட இணைய விதிப்படி, முதலிடம் கோப்பின் முன்னடையாளத்துக்கு. அடுத்த இடம் அனுப்பும் தலைப்புக்கு. அதன் பின்னரே அறிவிப்பு வரிக்கு. மூன்றும் யுடிஎஃப்-8 என்றே சொல்லும்படி செய்துவிட்டால் வழக்கே இல்லை.

சிதைந்ததை மீட்க முடியுமா?

அயல்மொழிக் குறிகளாக மாறியதை மீட்கலாம் என்றோம். தவறாகப் படித்த வழியே திரும்பி நடக்க வேண்டும். அதாவது, அக்குறிகளை விண்டோஸ்-1252 முறையில் மீண்டும் பைட்டுகளாக்கி, அப்பைட்டுகளை யுடிஎஃப்-8 என்று படிக்க வேண்டும். இங்கே தமிழுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் மெய்யெழுத்தின் புள்ளி 224, 175, 141 என்று அமைவது. உகரக் குறி 129-இல் முடிவது. ஏ, ஐ ஆகியவை முறையே 143, 144-இல் முடிபவை. இவற்றைச் சில நிரல்கள் அப்படியே கடத்திவிடும், சில கேள்விக்குறியாக்கிவிடும். அவ்வாறு ஆகிவிட்டால் ‘அமலா’ மீண்டு வருவாள். ‘செல்வி’யின் புள்ளி வராது. ஆகவே மீட்கும் வேலையைத் தொடங்குமுன் மூலக் கோப்பின் படி ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.

சிதைந்த குறிகளையே யாரேனும் யுடிஎஃப்-8-ஆகச் சேமித்துவிட்டால் நோய் இரட்டிப்பாகும். அப்போது ‘அ’ மூன்று பைட்டுக்குப் பதில் ஏழு பைட்டுகளாகிவிடும். கோப்பு திடீரென்று பருத்துப்போனால் இதையும் ஐயுற வேண்டும்.

ஒன்று போலத் தோன்றுவன

எல்லாம் சரியாக இருந்தும், ஒரே பெயரைத் தேடினால் கிடைக்காத விந்தையும் தமிழில் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரமும் ஒரே ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணிப்பொறிக்கு வெவ்வேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் யூனிகோடின் சீரமைப்பு முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இக்குறை நீங்கும்.

நினைவில் நிறுத்துவோம்

1. எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8 ஒன்றையே பயன்படுத்துவோம். அதை வெளிப்படையாகச் சொல்வோம்.

2. எழுதும்போது அறிவிப்பையும் பைட்டையும் ஒரே கருவியிடம் விடுவோம்.

3. படிக்கும்போது பைட்டுகளை அப்படியே எக்ஸ்எம்எல் நிரலிடம் கொடுப்போம்.

4. சோதிக்கும்போது புள்ளி, உகரம், ஏ, ஐ ஆகிய நான்கும் வரும் தமிழ்ப் பெயர்களைக் கொண்டு சோதிப்போம். ‘ஏஞ்சல் ஐரின் முத்து’ என்ற ஒரு வரியிலேயே நான்கும் அடங்கிவிடும்.

5. ஐயம் வந்தால் திரையை நம்பாமல் பைட்டு எண்களைப் பார்ப்போம். 224-ஐ அடுத்து 174 அல்லது 175 என்று மீண்டும் மீண்டும் வந்தால் உள்ளே தமிழ் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

அன்பு மாணவியரே! உங்களுள் பலர் நாளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் நிரல் எழுதப் போகிறீர்கள். உங்கள் நிரலின் வழியே ஆயிரமாயிரம் பெயர்கள் கடந்து செல்லும். அவற்றுள் ஒன்றுகூட உங்களுக்கு வெறும் 12 பைட்டுகளாகத் தோன்ற வேண்டாம். வயதான தாய் ஒருத்தி ஓய்வூதியச் சீட்டில் தன் பெயரைத் தேடி விரலால் தடவிப் படிக்கும்போது, அங்கே அவள் பெயரே இருக்க வேண்டும். மேலே சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருத்தல் மனிதருக்கு மட்டுமன்று, நாம் எழுதும் நிரலுக்கும் அழகு.